ஏழாம் கேள்விக்கு என் பதில்

பிரிக்பீல்ட்ஸ்,
சனிக்கிழமை, மதியம் மூன்று மணி.

அன்புள்ள மாரிஸ்,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது முழு உண்மை இல்லை என்பதால் அந்த வரியைப் பாதியில் விட்டுவிட்டு மேலே போகிறேன். காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். பயந்துவிடாதீர்கள்.

தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இவளுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று கேட்பீர்கள். வியாழக்கிழமையிலிருந்து நான்கு தடவை தட்டினேன், நான்கு தடவையும் அழித்தேன். நான் தட்டுவதும் நிறுத்துவதும் உங்கள் பக்கம் தெரிந்து, "என்ன, கட்டுரை எழுதுறியா?" என்று கேட்டீர்களே, அது இதுதான். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் அறையில் இன்னும் மூன்று பேர். நடுக்கடலில் பாதி வார்த்தை வரும், பாதி வராது. இந்த விஷயத்தில் ஒரு வார்த்தைகூட விட்டுப் போகக் கூடாது. உங்கள் கூட்டாளி தனேஷ் செவ்வாய்க்கிழமை காலை மீரிக்குப் பறக்கிறார், மறுநாள் ஹெலிகாப்டரில் உங்கள் எண்ணெய் மேடைக்கு வந்துவிடுவார் என்று அவர் மனைவி சொன்னாள். அவர் பையில் இதை வைத்து அனுப்புகிறேன். கூடவே நெத்திலி சம்பால் ஒரு போத்தல் இருக்கிறது. கடிதத்தை முதலில் படியுங்கள். சம்பாலைத் திறந்தால் நீங்கள் வேறு எதையும் பார்க்க மாட்டீர்கள்.

உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. புதன்கிழமை கிள்ளானில் கிளினிக்குக் கூட்டிப்போனதாக உங்கள் அக்கா சொன்னார். இங்கே இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. இன்று காலைதான் வந்தது. நான்கு நாள் துணியை ஒரே மூச்சில் துவைத்துப் போட்டேன். போட்ட உடனே மழை.

சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. சொல்லிவிடுகிறேன். எனக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தது. பதினொரு வயதில் தொடங்கிப் பதினாறு வயது வரை, மொத்தம் ஒன்பது தடவை. பத்தொன்பது வயது வரை மாத்திரை சாப்பிட்டேன். பிறகு டாக்டரே நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன் இதை உங்களிடம் சொல்லவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடமாகவும் சொல்லவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், பல்கலைக்கழக ஆய்வகத்தில் இந்த முதல் வாரம் அப்படி ஆகிவிட்டது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வந்து மறுபடி எடுங்கள். கிழித்துவிடாதீர்கள், எனக்கு இரண்டாம் தடவை எழுதத் தைரியம் வராது.

முதல் நாள் தலைமயிர் பறந்துகொண்டு போகக் கூடாது என்று போன ஞாயிறு பூசை முடிந்ததும் பண்டமாரானில் எங்கள் வீட்டில் அம்மா என்னை உட்காரவைத்து, கை நிறையத் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்து, இறுக்கிப் பின்னிவிட்டார். மாஸ்டர்ஸ் ஆராய்ச்சிக்குப் போகிறேனா, ஒன்றாம் வகுப்புக்குப் போகிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. என்னோடு சேர்ந்த இன்னொரு மாணவி ரேஷ்மா. நாகூர்க்காரி, மாணவர் விசாவில் வந்திருக்கிறாள். துடோங்கால் தலையை மூடியிருந்ததால் அவள் தலைமயிர் வெளியே தெரியவில்லை. உள்ளே அவளுக்கும் அதே எண்ணெய்தான்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள்தான் முதலில் நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் தலையில் கருவியை மாட்டப் போகிறவர்களுக்கு, மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டுமாம். அறுபத்து நான்கு ஓட்டை உள்ள துணித் தொப்பி ஒன்று. ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஜெல் விட்டால், மூளையில் ஓடும் மின்சாரத்தைத் தலைக்கு வெளியே இருந்தே பிடித்துத் திரையில் கோடு கோடாகக் காட்டும். பத்து வினாடிக் கோட்டை அச்செடுத்து, பெயர் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். இதுவரை அங்கே படித்த முப்பது பேருடைய கோடுகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. கடைசியில் எங்கள் இருவருக்கும் இடம் விட்டு, பெயர்ச்சீட்டுகளை முன்கூட்டியே ஒட்டி வைத்திருந்தார்கள். ஜானிஸ் என்று என் பெயரும் அதற்குக் கீழே வெறும் சுவரும். உள்ளே போனதும் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான்.

கருவியைப் பார்த்துக்கொள்கிறவர் முகுந்தன் அண்ணே. சுங்கை வேயில் இருக்கிறார். இருபது வருடம் ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். ஓட்டையில் ஜெல் சரியாகப் பட்டால் திரையில் சிவப்புப் புள்ளி பச்சையாக மாற வேண்டும். எனக்கு ஒரு புள்ளிகூட மாறவில்லை. எண்ணெய்ப் பசையில் எதுவும் ஒட்டவில்லை. பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் ரேஷ்மாவுக்கும் அதே கதை. "ரெண்டு தலையிலயும் அப்பளம் பொரிக்கலாம் லா. போய் நல்லா அலசிட்டு நாளைக்கு வாங்க" என்றார். ஜெல் பூசாதே, ஸ்பிரே அடிக்காதே என்றெல்லாம் எங்களுக்கு வந்த குறிப்பில் இருந்தது. எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எங்களுக்கும் அது ஒரு பூச்சு என்றே தோன்றவில்லை. எண்ணெய் கூடாது என்று தமிழிலும் ஒரு வரி சேர்க்கும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன். ஏனென்றால் அந்தச் சோதனையின் கடைசியில் ஒரு விளக்கை முகத்துக்கு நேராக வைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் மின்னவிடுவார்கள். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு அந்த மாதிரி வெளிச்சம் ஆகாது. அதனால் நாற்காலியில் உட்காரும் முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஏழாவது கேள்வி, உங்களுக்கு எப்போதாவது வலிப்பு வந்தது உண்டா என்பது. என் பேனா நேராகப் போய் 'இல்லை'யில் கோடு போட்டது. யோசிக்கக்கூட இல்லை, மாரிஸ். பதினாறு வருடமாக எல்லாப் படிவத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். உபகாரச் சம்பளத்துக்கான உடல்நலப் படிவத்திலும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு காரியம் செய்தேன், எழுத வெட்கமாக இருக்கிறது. திங்கள் மாலையே ஷாம்பூ போட்டு அலசிய தலையில், மறுநாள் புறப்படும் முன் வேண்டுமென்றே எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனேன். குளியலறைக் கண்ணாடியில் என்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மறந்துவிட்டேன், பழக்கதோஷம் என்று அசடு வழிந்தேன். ரேஷ்மா நன்றாக அலசிக்கொண்டு வந்திருந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து, சோதனை முடிந்து, மாலைக்குள் அவள் கோடு சுவரில் ஏறிவிட்டது. போனில் படம் எடுத்து நாகூருக்கு அனுப்பினாள். அவளுடைய அத்தா, இதில் நல்ல புத்தி எந்தக் கோடு என்று கேட்டாராம்.

புதன்கிழமை முகுந்தன் அண்ணே கழுவும் தொட்டி பக்கத்தில் புது ஷாம்பூ போத்தலும் துண்டும் வைத்திருந்தார். "இன்னைக்குத் தப்ப முடியாது மா" என்று விளையாட்டாகத்தான் சொன்னார். தலைவலி என்றேன். இரண்டு மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றிக்கொண்டே இரண்டையும் விழுங்கினேன்.

மதியம் கேன்டீன் பின்பக்கம் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். வாயைத் திறக்காதே என்றார். பத்து வருடமாக இல்லாத நோயை நீயே ஏன் கூப்பிட்டு உட்காரவைக்கிறாய் என்றார். தொப்பியைப் பின்மண்டையில் மட்டும் மாட்டச் சொல்ல முடியாதா என்றுகூடக் கேட்டார். கடைசியில் குரல் இறங்கி, "மாரிஸ் வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்னு யோசிச்சியா?" என்றார். அதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

அம்மாமேல் கோபப்படாதீர்கள். எனக்கு முதல் தடவை வந்தது பள்ளிக்கூடச் சபைகூடலில். அத்தனை பேர் முன்னால் விழுந்தேன். அதற்குப் பிறகு என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று அவர்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா என்னை வேறு பள்ளிக்கு மாற்றினார், அங்கே யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து இது எங்கள் வீட்டு இரகசியம். நமக்கு நிச்சயமானபோது நான் சொல்ல வேண்டும் என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். நம் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்தார்கள், நினைவிருக்கிறதா? இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்று ஃபாதர் படிக்கும்போது நீங்கள் பாடகர் குழுவிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, வெட்கம் என்று நினைத்துக்கொண்டீர்கள். பழைய பள்ளியில் என்னோடு படித்த ஒருத்தி இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமும் அம்மா என் கையை விடவே இல்லை. அந்த ஃபாதர் கேட்டது வேறு மாதிரித் தடை என்று இப்போது தெரியும். அப்போது என் பெயரைச் சொல்லியே கேட்பதாகத் தோன்றியது.

சொல்ல நினைத்த நாளும் உண்டு. கல்யாணமாகி நான்காம் மாதம், கே.எல். சென்ட்ரலிலிருந்து மோனோரயிலுக்குப் போகும் வழியில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தாரே. நீங்கள்தான் முதலில் ஓடினீர்கள். நம் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணித்தீர்கள். நான் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், சட்டைக் காலரைத் தளர்த்தினேன். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள், பள்ளியில் முதலுதவி படித்தேன் என்றேன். அவர் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, நம் சாவியோடேயே போய்விட்டார். பூட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தோம், சிரித்துச் சிரித்து உங்களுக்கு வயிறு வலித்தது. அன்று சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாவம், நல்ல பையனா தெரியிறான். யாரு பொண்ணு கொடுப்பா?" என்றீர்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் எழுந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது. நீங்கள் அதை மறந்திருப்பீர்கள், நான் இன்றுவரை மறக்கவில்லை.

லைசென்ஸ் எடு, ஒரு பழைய மைவி கார் வாங்கலாம், கிள்ளானுக்கும் இங்கும் ரயிலில் அலையாதே என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் நழுவினேனே, அதுவும் இதனால்தான். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வீர்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். நன்றாக அலசிய தலையோடு போனேன். எத்தனை நாள்தான் எண்ணெய் தேய்ப்பது? பத்து வருடமாக இல்லை, இனியும் இருக்காது, உட்கார்ந்து எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொப்பியை மாட்டினார்கள். புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ரேஷ்மா குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடச் சொன்னார்கள். விளக்கு மெதுவாக மின்னியபோது ஒன்றும் இல்லை. வேகம் கூடக் கூட, மூடிய கண்ணுக்குள் எல்லாம் சிவந்தது. பிறகு நாக்கில் அந்த ருசி வந்தது, மாரிஸ். பழைய சில்லறைக் காசைக் கடித்த மாதிரி ஒரு ருசி. சின்ன வயதில் விழுவதற்கு முன் அதுதான் வரும். பதினொரு வருடத்துக்குப் பிறகு அது என் வாயில் இருந்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன், அடுத்த வார்த்தை வரவில்லை.

அதற்குள் விளக்கு நின்றுவிட்டது. முகுந்தன் அண்ணே நிறுத்தியிருந்தார். நான் விழவில்லை, ஒன்றும் ஆகவில்லை, கொஞ்ச நேரத்தில் அந்த ருசியும் போய்விட்டது. அவர் ரேஷ்மாவைக் கீழ்மாடிக்கு ஏதோ எடுத்துவர அனுப்பினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "எத்தன வயசுல வந்துச்சு மா?" என்று கேட்டார். வந்ததா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். எத்தனை வயதில் என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. "நான் டாக்டர் இல்ல, இது இன்னதுன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா திரையில பாத்தத பாக்காத மாதிரி இருக்க எனக்குத் தெரியாது லா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு, நீயே போய் டாக்டர் நோர்லின் கிட்ட சொல்லு. நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்" என்றார். தலையில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைக்கத் துண்டைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அன்று மாலை ரோசரி கோயிலில் போய் உட்கார்ந்திருந்தேன். வேண்டிக்கொள்ளக்கூட வரவில்லை. எது முதலில் போகும் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. படிப்பா, உபகாரச் சம்பளமா, நீங்களா.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் நோர்லின் அறைக்குப் போனேன். எங்கள் ஆய்வகத்தின் தலைவி அவர்தான், என்னைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் உட்காரச் சொன்னார். நோய்க்காக ஒரு வார்த்தை திட்டவில்லை, படிவத்துக்காகத்தான் திட்டினார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இரவு ஷிப்ட் வேலை செய்கிறவர்களின் மூளை எப்படிக் களைக்கிறது என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. முந்நூறு பேரிடம் போய் அந்த ஏழாவது கேள்வியை நான்தான் கேட்கப் போகிறேன். துறைமுகத்துப் பக்கத்துப் பண்டமாரான் பெண், தமிழில் கேட்பாள், அவளிடம் உண்மையைச் சொல்வார்கள் என்றுதான் உன்னை எடுத்தேன், நீயே பொய் எழுதினால் அவர்கள் எழுதுவதை நான் எப்படி நம்புவது என்று கேட்டார். கிரேன் ஓட்டும் ஒருவர் அந்தக் கேள்விக்கு ஏன் 'இல்லை' என்று போடுவார் என்று அந்தக் கட்டடத்திலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். அதையும் சொன்னேன்.

என்னை அனுப்பிவிடவில்லை. ஆனால் வைத்துக்கொள்வதாகவும் சொல்லவில்லை. நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும், உபகாரச் சம்பளம் கொடுப்பவர்களுக்கு நானே திருத்தக் கடிதம் எழுத வேண்டும், இரண்டு வாரத்தில் குழு கூடி முடிவு செய்யும். அதுவரை நாற்காலி பக்கம் போகக் கூடாது, தாள் வேலை மட்டும். பிறகு ஒரு புதுப் படிவம் கொடுத்தார். அதில், உங்கள் வீட்டில் உங்களோடு வாழ்பவர், உங்கள் நிலையை அறிந்தவர், அவசரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் யார் என்று ஒரு கட்டம். என் விரலில் இருக்கும் மோதிரத்தைப் பார்த்து, உன் கணவருக்குத் தெரியும்தானே என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

அவ்வளவு திட்டு வாங்கிய பிறகும், அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு பொய். என்னை எதில் சேர்ப்பது என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் கடலில் இருக்கும் நாட்களுக்கு இரண்டாவது பெயராக அம்மாவை எழுதினேன். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழகக் கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் உங்களைக் கூப்பிடுவார். உங்கள் மனைவிக்கு வலிப்பு இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பார். வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுகிறேன். கீழே படுக்கவைத்து ஒருபக்கமாகத் திருப்ப வேண்டும். பக்கத்தில் இடிக்கிற மாதிரி இருப்பதைத் தள்ளி வைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையைக் காலைப் பிடித்து அழுத்தக் கூடாது, இரும்பும் வேண்டாம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். எழுந்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் புரியாது, யார் இருக்கிறார்கள் என்று தேடுவேன். அப்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். இது மறுபடி வருமா, வராதா என்று எனக்குத் தெரியாது. நரம்பு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் தெரியும். பிள்ளை விஷயமும் அவரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் அம்மா மாதாமாதம் விசாரிக்கிறார், நான் சிரித்து மழுப்புகிறேன்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. தெரிந்தால் செவ்வாய்க்கிழமை காலை தனேஷ் வீட்டு வாசலில் நிற்பார். உங்கள் வீட்டுக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் தடுக்க மாட்டேன். ஒருவரிடம் சொல்லத் தொடங்கிய பிறகு இதற்குக் காவல் இருக்க எனக்குத் தெம்பு இல்லை.

மன்னிப்பு கேட்க வேண்டும், கேட்கிறேன். எனக்கு வலிப்பு வந்ததற்காக இல்லை, அது என் தப்பு இல்லை என்று முகுந்தன் அண்ணேயும் சொன்னார், டாக்டரும் சொன்னார். உங்களை நம்பாமல் இருந்ததற்காக. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு வருடம் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று நானாகவே ஒரு முடிவு கட்டிக்கொண்டு, அதை உங்களிடம் கேட்காமலே வாழ்ந்தேன். நீங்கள் கோபப்படலாம். பேசாமல் இருக்கலாம். வியாழக்கிழமை வரை நான் கூப்பிட மாட்டேன், உங்களை அவசரப்படுத்த மாட்டேன். அந்தப் படிவத்தில் உங்கள் பெயர் இருப்பது உங்களுக்கு வேண்டாம் என்றால் வியாழன் மாலைக்குள் ஒரு வரி அனுப்புங்கள், காலையில் நானே போய் அடித்துவிடுகிறேன். காரணம் கேட்க மாட்டேன்.

கடலில் காற்று அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். மேலே ஏறும்போது கொக்கியை மாட்ட மறக்காதீர்கள். மாதா உங்கள் கையையும் காலையும் காக்கட்டும். சம்பாலைத் தனேஷுக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

இந்தக் கடிதம் புதன்கிழமை உங்கள் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை அந்த நர்ஸ் கேட்கும்போது, தெரியும் என்று நீங்கள் சொன்னால் அது பொய்யாக இருக்காது. எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் கேட்க மாட்டார். தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள், மாரிஸ்.

உங்கள்
ஜானிஸ்